செல்வி மாதப்பன்

படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தது.
எங்களிடம் அப்படி ஒன்று இல்லை.
வருகைப் பதிவேட்டில் எனக்கு முன்னால் நடந்துபோகும்
ஒற்றை எழுத்து, ஒரு புள்ளி, அவ்வளவுதான்.
புள்ளியை எடுத்துவிட்டு, எழுத்தை விரித்து
அப்பாவை முழுசாய் என் பின்னால் நிறுத்தினேன்.
அன்றிலிருந்து அங்கிருந்து வரும் கடிதமெல்லாம்
'அன்புள்ள செல்வி மாதப்பன்' என்றே தொடங்குகிறது.

"நான் செல்வியா?"
அப்பா வாய் நிறையச் சிரித்தார்.
அவர் பல்லில் கோடுகள் என்னுடையதைவிடக் கறுப்பு.
அவர் மறைப்பதில்லை.

பெற்றோரின் ஆண்டு வருமானம்.
எந்த நாள் விலைக்கு எழுதுவது?
ஆடியில் ஒரு கிரேட் தக்காளி தொள்ளாயிரம்.
தையில் அறுபது. பறிகூலிக்கே கட்டாமல்
பாலக்கோட்டு ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தோம்,
மாடுகளே இரண்டாம் நாள் திரும்பிப் பார்க்கவில்லை.
தாசில்தார் சான்றிதழில் எழுபத்திரண்டாயிரம்.
அது எல்லோருக்கும் எழுதுகிற எழுபத்திரண்டாயிரம்.
எங்கள் தெருவே அதற்குள்தான் குடியிருக்கிறது.
டாலரில் எண்ணூற்றுச் சொச்சம்.
கல்லூரியின் ஒரு வருஷச் செலவு தொண்ணூறாயிரம்.
வகுத்துப் பார்த்தேன்: நூற்றாறு வருஷம்,
யாரும் சாப்பிடாமல் இருந்தால்.

அம்மாவின் தொழில் என்ற இடத்தில்
சொடுக்கினால் ஒரு நீளப் பட்டியல் விழுந்தது.
விமானி இருந்தது, பாதிரியார் இருந்தது.
நாற்று நட்டு, குச்சி கட்டி, பறித்து,
அழுகலைப் பிரித்துப் போடுகிறவள் இல்லை.
"எதையாவது போடு பாப்பா,
காசு கொடுத்தாச் சரி" என்றாள் அம்மா.

சொத்துகள்.
எண்ணூறு அடி இறக்கியும்
புழுதி மட்டுமே ஊதிய போர்வெல்
சொத்தா, கடனா?
கூட்டுறவு வங்கிப் பெட்டகத்தில் தூங்கும் வளையல் இரண்டு
எங்களுடையதா, அவர்களுடையதா?
'கூடுதல் விளக்கம்' என்று கடைசியில் ஒரு கட்டம்.
அறுநூற்றைம்பது வார்த்தைதான் பிடிக்குமாம்.
போர்வெல்லுக்கே முந்நூறு போய்விட்டது.

நேர்காணல் இரவு ஒன்பதரைக்கு.
சிக்னலுக்காக மொட்டைமாடி,
சின்டெக்ஸ் தொட்டிமேல் சாய்த்துவைத்த போன்.
அந்த அம்மா அங்கே காலை வெயிலில் சிரித்தார்,
நான் உதட்டை மூடிக்கொண்டு சிரித்தேன்.
ஏன் வேதியியல்?
ஒரு மாசம் மனப்பாடம் செய்த பதில் இருந்தது,
முதல் வாக்கியம் வரைக்கும் வந்தது.
விட்டுவிட்டேன்.
டார்ச்சை முகத்தருகே பிடித்து
வாயைத் திறந்து காட்டினேன்.
"இதனால்."

அவர் திரைக்கு நெருங்கி வந்தார்.
உங்கள் கிணற்றில் ஃபுளோரைடு எவ்வளவு என்றார்.
லிட்டருக்கு மூன்று புள்ளி எட்டு மில்லிகிராம்,
நானே மூன்று தடவை அளந்தது என்றேன்.
இந்த வருஷம் நான் எழுதிய எண்களில்
சந்தேகமில்லாமல் சொன்னது அது ஒன்றுதான்.

பங்குனி, விடிகாலை நாலரை.
நான்கு கல்லூரிகள் வேண்டாம் என்றன, மிக மரியாதையாக.
நான்கிலும் அப்பா பெயரை
எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள்.
ஐந்தாவதைத் திறக்க விரல் ஈரமாகி
திரை இரண்டு முறை கேட்கவில்லை.

வாழ்த்துகள், செல்வி மாதப்பன்.

கீழே, இன்னும் கீழே தள்ளிக்கொண்டே போனேன்.
படிப்பு, விடுதி, சாப்பாடு அவர்கள் பொறுப்பு.
குடும்பத்தின் பங்கு:
மூவாயிரத்து நூறு டாலர், வருஷா வருஷம்.

அப்பா மண்டியில் இருந்தார்.
போனில் அவருக்கு முன்னால் ஏலக்காரர் வந்தார்,
நூத்தெம்பது, நூத்தெம்பது, நூத்தெம்பத்தஞ்சு.
"என்னம்மா சொல்றான்?"
"உன் பேரைச் சொல்லி வாழ்த்துறான்."
"நாம எவ்ளோ கட்டணும்?"

சொன்னேன்.
கணக்குப் போடும்போது கடைவாயில்
நாக்கைத் தட்டுவார். அது கேட்டது.
டக். வெகுநேரம் கழித்து இன்னொரு டக்.
"டாலர் எனக்குப் பிடிபடலம்மா,
கிரேட்ல சொல்லு" என்றார்.

எந்த நாள் விலைக்கு அப்பா, என்றேன்.
பின்னால் யாரோ நூத்தித் தொண்ணூறு என்று கத்தினார்கள்.