எந்தத் தலைப்பில்

கமன்யாப் அலுவலகத்தில் என் மேசைமேல்
இரண்டு விலைப்புள்ளிகள்.
ஒன்றின்மேல் கல், மற்றதன்மேல் தேநீர்க் குவளை.
கிழக்குக் காற்று காலையிலேயே எழுந்துவிட்டது.

ஹோவனிப் வறண்ட ஆறு. அதன் இரு கரையிலும்
வரிக்குதிரைகளை எண்ண வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை.
எண்ணிக்கை குறைந்தால் கொடையாளர்கள் கடிதம் போடுவார்கள்,
கூடினால் ஆட்டுக்காரர்கள் நேரிலேயே வந்துவிடுவார்கள்.

ஹார்ட்விக்கின் விமானத்தில் இரண்டே இருக்கை.
கதவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பறப்பார்.
மணிக்கு இருபது லிட்டர் குடிக்கும்.
ஒரு காலைப்பொழுதில் முந்நூறு கிலோமீட்டர் பார்த்துவிட்டுக்
காபிக்கு வந்து நிற்பார்.
ஆனால் அந்த இரைச்சலுக்கு மந்தை சிதறி
எண்ணியதே மறுபடி எதிரே ஓடி வரும்.

உவானிவியின் ட்ரோன் ஒரு பெட்டிக்குள் அடங்கும்.
மேய்கிற விலங்கு தலை தூக்காது.
பேட்டரி இருபத்தெட்டு நிமிடம்,
எதிர்காற்றில் பதினேழு.
அதைக் கொண்டுபோக ஒரு ஜீப், ஜீப்புக்கு டீசல்,
டயருக்கு முள்.
ஒரு பள்ளத்தாக்கை முடிக்க நான்கு நாள்.

கூட்டிப் பார்த்தேன். கழித்துப் பார்த்தேன்.
இரண்டுக்கும் அடங்காத வரி ஒன்று இருந்தது:
ட்ரோன் விழுந்தால் ஏழாம் எண் படிவம்.
ஹார்ட்விக் விழுந்தால்
நான்தான் வண்டியெடுத்து ஊட்யோ வரைக்கும் போய்
அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.
அந்தக் கட்டத்தில்
என்ன தொகை எழுதுவது?

ட்ரோனுக்கு டிக் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அது விழுந்தது.
முகட்டைத் தாண்டியதும் திரை சாம்பலாகிவிட்டது என்றான் உவானிவி,
வயர்லெஸ்ஸில், தொண்டை கம்ம.
நான் ஏழாம் எண் படிவத்தை எடுத்தேன்.
பேனா மூடியைக் கழற்றும்போது
வெட்கமாக இருந்தது,
அத்தனை நிம்மதி.

யாரும் கேட்காமலே மறுநாள் விடியலில்
ஹார்ட்விக் கிளம்பிப் போயிருக்கிறார்.
மூன்றாவது வட்டத்தில் கண்ணில் பட்டதாம்:
பாறைமேல், மல்லாந்து, ஒரு கை முறிந்து.
சுற்றிலும் வரிக்குதிரைகள். அவை
இவருடைய சத்தத்துக்குத்தான் ஓடின.

வெள்ளியன்று அவருடைய ரசீது வந்தது.
கூலி என்று எதுவும் போடவில்லை.
பெட்ரோல் மட்டும், நாற்பத்தாறு லிட்டர்.
'பறந்த காரணம்' என்ற இடத்தில்
சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார்:
விழுந்த சக விமானியைத் தேட.

எந்தத் தலைப்பில் பற்று வைப்பது?
இப்போதைக்கு
கல்லுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.