பிடித்தம்

பைசாந்து இறைச்சி ஆலையில்
இருபத்திரண்டு வருடம்
சம்பளச் சீட்டின் அந்த ஒரு வரியை
வைதுகொண்டேதான் மடித்தான் வில்மார்.
பிடித்தம்.
"எவன் வயிற்றுக்கோ என் காசு."

ஜூலைக் குளிரில்
எலும்பறுக்கும் வாள்
இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டது.

பதினோராம் நாள் பணம் வந்தது:
வாடகைக்கு, மருந்துக்கு,
ஃபியோரெலாவின் பள்ளிப் பேருந்துக்கு.
யார் அனுப்பியதென்று திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பெயரில்லை.
சால்ட்டோவில் ஆரஞ்சு பறிப்பவளோ,
இரவு லாரி ஓட்டுபவனோ,
இவனைப் போலவே வைதபடி
சீட்டை மடித்த யாரோ.

மூன்று விரலால்
மாத்தே தேநீர்க் குவளையைத் தூக்குகிறான்.
நடுங்குகிறது. விழவில்லை.
பிடித்திருக்கிறது.

நவம்பரில் எடைமேடையில் வேலை.
சீட்டில் அந்த வரி அப்படியே.
இப்போதும் வைகிறான்,
பழக்கதோஷம்,
கொஞ்சம் மெதுவாக.