இருபதுக்கு ஒன்று குறைய

பியூட் நகரத்து ஆகஸ்டில்
காலை எட்டு மணிக்கும் தெருவிளக்கு அணைவதில்லை.
மேற்கே மலைக்காடு எரிந்துகொண்டிருக்கிறது.
கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு
கருவியைச் சரிபார்க்கிறேன்,
மூன்று லிட்டர் காற்றை அடைத்த குழலால்.
இந்த அறையில் ஊதுவதில்
பொய் சொல்லத் தெரியாதது அது ஒன்றுதான்.

ஒன்பதுக்கு வந்தாள் டாம்சின் ஆரிக்.
அனகோண்டாக்காரி. வயது பத்தொன்பது.
டயர்க்கடை வேலை, நகக்கண்ணில் கறுப்பு.
ராணுவத்தில் லாரி பழுதுபார்க்கப் போகிறாளாம்.
போக விடாமல் நிற்கிறது படிவத்தில் ஒரு வரி:
பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குப் பிறகு
ஆஸ்துமா உண்டா?

பிறந்தநாள் போய் நான்காம் மாதம்,
இதே போன்றதொரு புகைக்காலத்தில்,
ஒரு நீல இன்ஹேலர்.
பாதிகூடத் தீரவில்லை என்கிறாள்.
ரசீதை அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள்.
மருந்துக்கடைக் கணினியை
எந்த அடுப்பில் போடுவது?

"இதைப் பற்றி மூச்சு விடாதே"
என்றாராம் ஆள்சேர்க்கும் சார்ஜன்ட்.
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மூச்சு விடு, விடு, இன்னும் விடு என்று
இருபத்தாறு வருடமாகக் கத்திச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.

முதலில் வெறும் உப்புநீர் ஆவி.
மூன்று புள்ளி ஆறு லிட்டர். நல்ல நெஞ்சு.
அப்புறம் மெதகோலின்,
ஒவ்வொரு சுற்றிலும் முன்னதைவிடக் கூடுதலாய்.
உள்ளே தூங்குவதைக்
குச்சியால் குத்தி எழுப்புகிற மருந்து.
இருபது சதவீதம் சரிந்தால் கதை முடிந்தது.
அதாவது, இரண்டு புள்ளி எட்டு எட்டு.

என் மாமா லார்ன் நினைவுக்கு வந்தார்.
வியட்நாமுக்கு ஆள் எடுத்த வருடம்
மூன்று ராத்திரி வைக்கோல் பரணில் படுத்து,
முகத்தை வைக்கோலில் புதைத்து,
இழுப்பை வரவழைத்துக்கொண்டு
பரிசோதனைக்குப் போனவர்.
தகுதியில்லை என்று முத்திரை குத்தினார்கள்.
வரும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றாராம்.
அவருடைய இடத்துக்குப் போனவன் பெயரை
எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கடைசி அளவு.
ஸ்டெதாஸ்கோப் வேண்டியிருக்கவில்லை,
மேசைக்கு இந்தப் பக்கமே கேட்டது,
மூடாத ஜன்னலில் காற்று நுழைகிற சத்தம்.
முப்பதாம் வினாடியில் ஊதினாள்:
இரண்டு புள்ளி எட்டு ஐந்து.
எண்ணை அவளும் பார்த்தாள்.
திரையைத் திருப்பி வைத்திருக்க வேண்டும் நான்.

தொண்ணூறாம் வினாடியில் இன்னொரு தடவை உண்டு.
அது விதி, சலுகை இல்லை.
ஊது என்றேன். வழக்கத்தைவிட உரக்கவே கத்தினேன்.
அது விதியில் இருக்கிறதா, தெரியாது.
கழுத்து நரம்பு புடைக்க,
காலணிக்குள் விரல்கள் மடங்க,
இருப்பதையெல்லாம் குழாய்க்குள் கொட்டினாள்.

இரண்டு புள்ளி ஒன்பது இரண்டு.
இரண்டில் பெரியதை எழுத வேண்டும்.
எழுதினேன்: சரிவு பத்தொன்பது சதவீதம்.

முடிந்ததும் எல்லோருக்கும் தருகிற மருந்தை நீட்டினேன்,
நெஞ்சு திறந்துகொள்ள இரண்டு இழுப்பு.
"வேண்டாம். கணக்கில் ஏறும்."
இது பரிசோதனையின் பகுதிதானம்மா என்றேன்.
தலையாட்டிவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டாள்,
ஒரு பொத்தானுக்கும் அடுத்ததற்கும் இடையில் நின்று நின்று.
"மறுத்தார்" என்று நேரம் குறித்துக் கையெழுத்திட்டேன்.
கொஞ்ச நேரம் உட்கார்ந்து போ என்றதற்கு
நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜன்னலுக்குக் கீழே அவள் பிக்கப் வண்டி.
கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. இன்ஜின் உறுமவில்லை.
ஸ்டியரிங்கில் முழங்கைகளை அகல ஊன்றி
முன்னால் குனிந்திருந்தாள்.
தொலைவிலிருந்து பார்ப்பவர்
பிரார்த்தனை என்று நினைப்பார்.
எனக்கு அந்த இருப்பு தெரியும்.
நீலக் குழலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
லிஃப்டுக்காகக் காத்து நின்றேன்.
நான் இறங்குவதற்குள்
வண்டி நின்ற இடத்தில்
சாம்பல் படியாத ஒரு செவ்வகம்
கறுப்பாகத் தெரிந்தது.