மூன்று தையல்

போன சனிக்கிழமை ரக்பித் திடலில்
எவனுடைய முழங்கை என்று இன்னும் தெரியவில்லை.
மேலுதட்டில் மூன்று தையல்,
கார்னெட்டின் வாய் வந்து அமர்கிற அதே இடத்தில்.

கேப் டவுனிலிருந்து இரண்டு மணி நேரம், ஹூப்டால்.
எங்களுக்கு ஈஸ்டர் இலையுதிர் காலத்தில் வரும்.
மூன்றரை மணிக்கே ஊதத் தொடங்குவோம்,
சுண்ணாம்புச் சுவர்களின் ஓரமாக, தெருத்தெருவாக.
கர்த்தர் எழுந்தார் என்று பாஸ்டர் சொல்லும் முன்பே
பித்தளையில் நாங்கள் சொல்லிவிடுவோம்.
ஒவ்வொரு ஜன்னலாக மஞ்சள் வெளிச்சம் கண் விழிக்கும்.
பன்னிரண்டு வருஷம் முதல் குரல் என்னுடையது.
மீன் ஆலையில் பெட்டி அடுக்குகிற கை இது,
வருஷத்தில் ஒரு விடியலுக்கு மட்டும்
ஊரை எழுப்புகிற கை.

இந்த முறை எல்ரிகோ.
எல்ரிகோ அடோனிஸ்.
கல்யாண வீடுகளில் காசுக்கு ஊதுகிறவன்,
ஒத்திகைக்குத் தாமதமாக வருகிறவன்,
வந்ததும் கஷ்டமே இல்லாமல் ஊதுகிறவன்.
அதுதான் எனக்குப் பொறுக்காது.

"நீ டார்ச்சைப் பிடி" என்றாள் பேண்ட் தலைவி வில்ஹெல்மினா.
"தாள் திருப்ப, இசை தெரிந்த ஆள் வேண்டும்.
அதுவும் ஊழியம்தான்."
தலையாட்டினேன். பேசினால் தையல் இழுத்தது.

கல்லறைத் தோட்டத்தில் கிழக்கு பார்த்து நின்றோம்.
எல்லாக் கற்களும் ஒரே அளவு, தரையோடு தரையாக;
இங்கே செத்தவர்களில் பெரிய ஆள் கிடையாது.
எல்ரிகோவின் தோளுக்குப் பின்னால் நான்.
டார்ச் வெளிச்சத்தில் அவன் மூச்சு புகைந்தது.

இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம்.
நன்றாக ஊதினான்.
நன்றாக என்றால்,
நான் எப்போதும் முட்டித் தள்ளி ஏறுகிற
அந்த உச்ச ஸ்வரத்துக்கு
அவன் ஏறவே இல்லை, ஏற்கெனவே அங்கே இருந்தான்.

அப்போதுதான் என் உள்ளங்கை
டார்ச்சின் முகத்தை மூடியது.
குளிர் என்று சொல்லிக்கொள்ளலாம். நழுவியது என்றும்.
ஒரு மாத்திரை. இரண்டு.
விரல்களின் ஓரம் சிவப்பாக எரிந்தது.
விளக்கைக் கொளுத்தி எந்த முட்டாள் மரக்காலால் மூடுவான் என்று
ஞாயிறு பள்ளியில் சிரித்தவன் நான்.
ஒரு ஸ்வரம் சறுக்கியது.
ட்யூபாக்காரர் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.
கையை எடுத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்தையும்
அவன் மூச்சு எடுக்கும் முன்பே திருப்பினேன்.
எங்கே அவனுக்குக் கண் வேண்டும், எங்கே வேண்டாம்,
எந்த வரியில் காற்று வந்து தாளை மடக்கும்,
இத்தனை வருஷம் உதட்டில் இருந்ததெல்லாம்
கட்டைவிரலுக்கு இறங்கி வந்தது.
மலைக்கு மேல் சூரியன் வந்த பிறகும்
டார்ச்சை அணைக்க மறந்து நின்றேன்.

நீள மேசை. கறுப்புக் காப்பி, திராட்சை பன்.
"நான்தான் மூடினேன்" என்றேன்.
எல்ரிகோ மென்றுகொண்டே இருந்தான்.
"தெரியும். பக்கத்தில் திடீரென்று மீன் வாசனை."
வெண்ணெய்க் கத்தியைத் துடைத்து என் பக்கம் நீட்டினான்.
"புதன்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் ஊதுகிறோம்.
தாள் திருப்ப வருவாயா?"

"உதடு ஆறியிருந்தால் நான்தான் ஊதுவேன்."

"ஊது" என்றான்.
"டார்ச்சை நான் பிடிக்கிறேன்."

சிரித்துவிட்டேன்.
தையல் ஒன்று விட்டது.