பத்துக்கு ஆறு

டியூப் லைட்டுக்கு நேரே நீட்டினால்
டேக்கோமீட்டர் மூவாயிரம் காட்டும்.
எஞ்சின் பெட்டிக்குள் இருக்கிறது,
புரொப்பெல்லர் மேசைமேல் சும்மா கிடக்கிறது.
கருவி எண்ணுவது விளக்கின் நடுக்கத்தை.
அதனால் வெயிலில் வந்த எண்ணைத்தான் நம்புகிறோம்,
நானும் டெல்பினும்,
ஞாயிறு பூசை முடிந்து,
ஆரல்வாய்மொழியில் வற்றிய குளத்தின் நடுவில்.

எனக்கு வேலை காற்றாலையில்.
எண்பது மீட்டர் ஏணி, கிரீஸ் வாளி, இடுப்பில் கயிறு.
மேலே நாற்பது மீட்டர் இறகு
நிமிடத்துக்குப் பதினேழு முறை சுற்றும்;
சோற்றுப்பொதியை அவிழ்த்துக்கொண்டே எண்ணிவிடலாம்.
இந்தக் குட்டிச்சாத்தானோ
உள்ளங்கைக்குள் அடங்கும், பன்னிரண்டாயிரம் சுற்றும்.
ஒருநாள் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டோம்.
பத்து அங்குல நைலானின் நுனி
அந்த ராட்சத இறகின் நுனியைப்போல்
இருமடங்கு வேகம், கொஞ்சம் கூடவே.
டெல்பின் குச்சியைக் கீழே போட்டாள்.
அன்றுமுதல் அவள் விரலால் சுண்டுவதில்லை,
ரப்பர் குழாய் மாட்டிய கம்புதான்.

பத்துக்கு ஆறு என்றால்
குறுக்களவு பத்து அங்குலம்,
ஒரு சுற்றில் ஆறு அங்குலம் முன்னேறும்,
மரத்தில் திருகாணி ஏறுவதுபோல.
காற்று மரமில்லை, வழுக்கும்.
எவ்வளவு வழுக்கும் என்று
எந்தப் பெட்டியிலும் அச்சடித்திருக்கவில்லை.

பதினொன்றுக்கு நான்கு:
கீரிப்பாறை ஏற்றத்தில் பஸ்ஸின் முதல் கியர்.
ஒன்பதுக்கு ஏழு:
நாலுவழிச்சாலை, ஆனால் கிளம்புவதற்கே
குளத்தின் நீளம் போதாது.

ஆனி மாதம். கணவாய்க்குள் மேல்காற்று
வாயைத் திறந்தால் பேச்சைப் பறித்துக்கொண்டு போனது.
ஓடுதளம் சிறிது என்று
பதினொன்றுக்கு நான்கை மாட்டியது நான்.
நாலு முழத்தில் எழுந்தது. கைதட்டினோம்.
பனைக்கு மேலே போய்
காற்றை எதிர்த்துத் திரும்பியதும் நின்றுவிட்டது.
முழு விசை, பத்தாயிரத்துச் சொச்சம் சுற்று,
தொண்டை கிழியும் சத்தம்,
இடமோ ஒரு சாண் மாறவில்லை.
பிறகு மெல்ல, மிக மெல்ல,
மூக்கை எங்கள் பக்கம் காட்டியபடியே
பின்னால் நடக்கத் தொடங்கியது.

வானத்தில் பின்னால் நடக்கும் விமானத்தை
நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.
சாலையைக் கடந்தது. ஒரு லாரிக்காரர்
ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தார்.
முப்பந்தல் பக்கம், எண்ணெய் தீர்ந்து,
வெள்ளிக்கிழமை நான் கிரீஸ் அடித்த
அறுபத்திரண்டாம் கோபுரத்தின் அடியில்
உடைமுள்ளுக்குள் உட்கார்ந்தது.
தலைக்கு மேலே பதினேழு, பதினேழு என்று
அலட்டிக்கொள்ளாமல் சுற்றியது அந்த இறகு,
அதே காற்றில் சம்பளம் வாங்கிக்கொண்டு.

முள்ளை விலக்கியபடி டெல்பின் சொன்னாள்:
"இழுவ இருந்துச்சு மக்கா, போக்கு இல்ல."

அவள் வீடுவீடாக மின்மீட்டர் கணக்கெடுப்பவள்.
எண் பொய் சொல்லாது, ஆனால்
எதை எண்ணியது என்று கேட்கணும் என்பாள்.
விளக்கெண்ணெய்ப் புகை ஏறிய அவள் துப்பட்டாவை
திங்கட்கிழமை தெருவெல்லாம் மோந்து பார்க்கும்.

இன்றைக்குப் பத்துக்கு ஆறு.
ஊசி வால்வைத் திருகத் திருக
குரல் மெலிந்து, கூர்ந்து, உச்சிக்குப் போகிறது.
அங்கே விடக்கூடாது.
இரண்டு சொடுக்கு பின்னால், முந்நூறு சுற்று குறைத்து,
கொஞ்சம் ஈரப் புகையோடு விடவேண்டும்.
மேலே போனால் சுமை இறங்கும், தானாக ஏறிக்கொள்ளும்.
தரையிலேயே உச்சி தொட்ட எஞ்சினை
போன கார்த்திகையில் புதைத்தோம்,
பிஸ்டன் இறுகி, நீலம் பாய்ந்து.

டெல்பின் பழைய கணக்கேட்டில் எழுதுகிறாள்:
பதினோராயிரத்து நானூறு. வெயில். முந்நூறு விட்டது.
காற்று என்ற கட்டத்தில் பேனா நிற்கிறது.
பனையைப் பார்க்கிறாள்.
ஓலை ஒரு பக்கமாகச் சாய்கிறது, நிமிர்கிறது,
மறுபடி சாய்கிறது.

"விடுலேய்" என்கிறாள்,
கட்டத்தைக் காலியாக விட்டு.