நூற்றுக்கு ஒன்பது

மணவாளக்குறிச்சி மொட்டைமாடியில்
தகரக் கூரைக்குக் கீழே ஒரு மரஸ்டூல்,
ஸ்டூல் மேல் கைப்பிடியளவு உப்புப் படிகம்.
காமாக் கதிர் வந்து விழுந்தால்
உள்ளே மின்மினியிலும் சின்னதாக ஒரு வெளிச்சம்.
அதை எண்ணுவதற்குத்தான் எனக்கு உதவித்தொகை,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தாமதமாக.

இதே மாடியை முன்பே கட்டியிருந்தேன்,
நாகர்கோவிலில், ஒரு கணினிக்குள்.
கரிமணலில் தோரியம் இவ்வளவு,
சுவரில் பொட்டாசியம் இவ்வளவு,
ஆகாயத்திலிருந்து மியூவான் மழை நிமிடத்துக்கு இவ்வளவு.
பிறகு நூறு கோடி முறை தாயம் உருட்டச் சொன்னேன்.
விதை எண்ணாக என் பழைய ஹாஸ்டல் அறை, 217.
அதே விதையைப் போட்டால் அதே உலகம் திரும்ப வரும்;
அதே கதிர், அதே சுவர்,
முட்டி மடங்கும் அதே கோணம்.
217-இல் இருந்தபோது
எனக்கு இந்தச் சௌகரியம் இல்லை.

சில இரவு படிகம் சொன்னபடி கேட்டது.
சில இரவு
நூறுக்கு நூற்றொன்பது.

கேபிள் மாற்றினேன்.
எங்கள் செருப்பில் ஏறி வந்த மணலைக் கூட்டி அள்ளி
தபால் ஆபீஸ் தராசில் நிறுத்தேன், நாற்பது கிராம்.
அதையும் கணினிக்குள் தூவினேன்.
ஒன்பது அசையவில்லை.
'ஒன்று தசம் பூஜ்யம் ஒன்பதால் பெருக்கி முடி'
என்று எழுதினார் வழிகாட்டி ததேயுஸ்.
ஒரு ராத்திரி பெருக்கியும் பார்த்தேன்.
கோட்டின் மேல் கோடு அப்படிப் படிந்தது.
அன்றைக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஆற்றல் வாரியாகப் பிரித்தேன்.
தோரியம் பேசும் இடத்தில் சத்தமே இல்லை;
கூடுதலெல்லாம் பிஸ்மத் பேசும் இடத்தில்.
சட்டென்று ஏறும். பிறகு
அரைமணிக்குப் பாதி,
அடுத்த அரைமணிக்கு அதில் பாதி,
கடன் அடைக்கிறவன் மாதிரி ஒழுங்காக.

பதிவேட்டைப் புரட்டினேன்.
இரவுக் காவலுக்கு என்னோடு மாறி மாறி உட்கார்ந்த பிரிஸ்கா
எண்களை நேராகவும்
மற்றதையெல்லாம் ஓரத்திலும் எழுதுகிறவள்.
11.20 துணி நனைஞ்சு போச்சு.
2.05 மறுபடியும். யாரும் எடுக்கல்ல.
3.40 உன் சிவப்புத் துப்பட்டா என் வெள்ளைச் சுரிதாரில் சாயம்.
விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினேன்.
ஒவ்வொரு நனைதலுக்கும் ஒரு சிகரம்.

காற்றில் அலையும் ராடானின் வாரிசுகளை
மழை கழுவிக் கீழே இறக்கும்.
தெரியாத விஷயமா?
எம்.எஸ்ஸி இரண்டாம் பருவத்தில்
நான்கு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்,
படம் வரைந்து.

எழுப்பிச் சொன்னேன்.
"எளவு, மழையாக்கும்!" என்றாள்,
"இடவப்பாதியில உக்காந்துகிட்டு
மழைய விட்டுட்டியேட்டி."
திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நூறு கோடி தடவை நான் நடத்திய அந்த ஊரில்
ஒரு துளி விழுந்ததில்லை.
கடல் உண்டு, உப்பு உண்டு,
சுவரின் அடர்த்தி மூன்று தசமம் வரை உண்டு.
ஜூன் மாதம் இல்லை.

இப்போது மழையையும் எழுதிவிட்டேன், எழுபது வரி.
அங்கேயும் பெய்கிறது.
யாரும் படியேறி ஓடி வருவதில்லை.
ஒன்பது குறைந்து ஒன்றரை ஆனது.
ததேயுஸ் 'போதும்' என்று ஒரே சொல்லில் பதில் போட்டார்.

ஒன்றரை இன்னும் மிச்சம்.
"கொடியில கிடந்த ஈரத் துணி
அதுல எவ்வளவு?" என்று கேட்கிறாள் பிரிஸ்கா.
சிரிப்பில்லாமல்தான் கேட்கிறாள்.
மண்டைக்காட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது.
அந்தச் சிவப்புத் துப்பட்டாவை
மழைக்கு நீட்டி,
பிழியாமல்,
ஸ்டூலைச் சுற்றிப் போட்டிருக்கிறோம்.
மணி 4.15.
எண்ணிக்கை ஓடுகிறது.