பெரட்டு கலைந்த பிறகு

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
ஏர்கோன், ஐஸ்பெட்டி, சலவை இயந்திரம்.
கம்ப்ரசர் உறுமினால்
நோய் எதுவென்று காதாலேயே சொல்லிவிடுவேன்.
கேஸ் ஒழுகினால் சோப்பு நுரை.
நுரை முட்டைவிடும் இடத்தில் ஓட்டை.
இருபத்திரண்டு வருடமாக
இவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

தவமலர் வந்து கேட்டது
மீன்தொட்டிப் பம்பு ஒன்று, மூன்றடி செப்புக் குழாய்,
பழைய சைக்கிள் சக்கரம்.
பாங்கிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி,
ஊருக்கு வருவது வாரக் கடைசியில்.
கைப்பையில் மருந்துச் சீசா,
சீசாவுக்குள் காப்பித்தூள்போல் ஒரு கறுப்பு.
"இதுதான் இனிமேல் உங்கள் கேஸ்" என்றாள்.
சிரித்தேன்.
அவள் வெளியே எடுத்த காந்தக் கட்டி
என் மிலோ டின்னைத் தாவிப் பிடித்துக்கொண்டது.
இரண்டு பேர் இழுத்தும் வரவில்லை.
சிரிப்பை நிறுத்தினேன்.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது:
கண்ணுக்கு எட்டாத ஒரு துகளுக்குள்
ஆயிரமாயிரம் ஊசிகள்,
திசைக்கொன்றாய்.
காந்தம் வந்தால் விடியற்காலைப் பெரட்டு.
மண்டோரின் விசிலுக்கு
ஒரே வரிசை, ஒரே முகம்.
அடங்கிய ஆட்டம் எங்கே போகும்?
சூடாகத்தான் வெளியே வரும்.
அந்தச் சூட்டைத் தண்ணீர்விட்டுக் கழுவு.
பிறகு காந்தத்தை எடு.
பெரட்டு கலையும்.
கலைந்து ஓடத் தெம்பு வேண்டுமே,
அதைத் தங்கள் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.
அதுதான் குளிர்.

நான் பெரட்டில் நின்றவன்.
பதினாறு வயது, காலை ஐந்தரை,
பேர் கூப்பிடும்வரை கொசு அடிக்கக்கூடக் கை தூக்காமல்.
வரிசை என்றால் சூடு என்று
யாரும் எனக்கு அளந்து காட்ட வேண்டியதில்லை.
கலைந்தால் குளிரும் என்பதுதான் புதிது.
எங்கள் தோட்டத்தை விற்று
எங்களைக் கலைத்தபோது
அப்படி ஒன்றும் குளிரவில்லை.
இதை அவளிடம் சொல்லவில்லை.

கடோலினியம் என்று ஓர் உலோகம் இருக்கிறதாம்,
இருபது டிகிரிக்குப் பிறந்தது.
பகாவ் மத்தியானத்தில்
அதற்கு விசில் பாதிதான் கேட்கும்.
அதனால் இவள் பொடியில்
மாங்கனீசு, இரும்பு, பாஸ்பரஸ், சிலிக்கன்,
நம் வெயிலுக்கென்று கைப்பதம் பார்த்துச் சேர்த்தது,
ரசப்பொடி மாதிரி.
பொடிக்கப் பொடிக்க இன்னொரு தொல்லை:
ஓரத்து ஊசிகள் பெருகிவிடும்.
ஓரத்தில் நிற்பவன் எந்த வரிசைக்கும் முழுசாக வருவதில்லை.
அவள் குறிப்பேட்டில் அது இழப்பு.
எனக்கென்னவோ அவர்களைப் பிடித்துப்போனது.

நவம்பர் மழை. மின்கம்பியில் மரம்.
ஊரே இருட்டு.
நாசி லெமாக் விற்கும் ரொஹாயா
துண்டில் சுற்றிய இன்சுலினோடு ஓடி வந்தாள்.
"உங்கள் கடையில்தான் எத்தனை ஐஸ்பெட்டி!"
பதினேழு. பதினேழும் பிணம்.
தவமலர் என்னைப் பார்த்தாள். நான் சக்கரத்தைப் பார்த்தேன்.
பம்புக்கு என் மோட்டார் சைக்கிள் பேட்டரி.
காந்தம் கட்டிய சக்கரத்தைக் கையாலே சுற்றினேன்.
பெரட்டு, கழுவு, கலை.
பெரட்டு, கழுவு, கலை.
தோள் மரத்துப்போனது.
கைவிளக்கு வெளிச்சத்தில் அவள் வாசித்தாள்:
இருபத்தெட்டு புள்ளி ஆறு.
கொஞ்ச நேரம் கழித்து
இருபத்தாறு புள்ளி ஒன்பது.

மருந்துக்கு வேண்டியது எட்டுக்குக் கீழே.

மீன்காரர் சாத்தையாவை எழுப்பி
ஒரு பெட்டி ஐஸ் வாங்கிவந்தேன்.
காலையில் ரொஹாயா எடுத்துப்போன மருந்தில்
கெம்போங் மீன் வாடை.

ஒன்று புள்ளி ஏழு.
அவ்வளவுதான்.
ஆனாலும் அந்தக் குழாயில் விரல் வைத்துப் பார்த்தேனே,
சத்தமே இல்லாமல் வந்த குளிர்.
நாளைக்கு இது ஊரெல்லாம் ஓடி
ஒருநாள் பழுதாகி என் கடைக்கு வந்தால்
எந்தக் காதை வைத்து
நோய் கேட்பேன்?